நாள் சொல்லாமல் வருகிறவர்

காஞ்சிபுரத்து ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் உளவியல் வகுப்பு எப்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும். பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவோம். அன்றைக்கு நல்ல மழை. ஓட்டுச் சரிவிலிருந்து கொட்டிய தண்ணீர் ஜன்னல் கட்டையில் தெறித்துக்கொண்டிருந்தது. ஈரச் சேலை வாடையும் சுண்ணாம்புக் கட்டியின் வாடையும் வகுப்பு முழுக்க அடித்தது.

சரோஜினி டீச்சர் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்தார். பார்த்தால் கோழி மாதிரி இருந்தது. பெண்கள் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. இது புறா" என்றார் டீச்சர், அவரும் சிரித்தபடி.

கோயில் கைங்கரியக் குடும்பத்திலிருந்து படித்து வேலைக்கு வந்தவர் அவர். அந்தக் கோடையில் ஏதோ பயிற்சிக்காகச் சென்னைக்குப் போய்விட்டு வந்திருந்தார். வந்ததிலிருந்து புறாக் கதைதான்.

"வெளிநாட்டுல ஒருத்தர் புறாவைப் பெட்டிக்குள்ள விட்டுப் பார்த்திருக்கார். பெட்டியில ஒரு பொத்தான் இருக்கும். புறா அதைக் கொத்தினா தானியம் விழும். ஒரு புறாவுக்குக் கொத்தற ஒவ்வொரு தடவையும் தானியம். இன்னொண்ணுக்கு அப்படியில்லை. எப்பவாவதுதான் விழும். எந்தக் கொத்துக்கு விழும்னு அதுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அப்புறம் ஒரு நாள் ரெண்டுக்கும் தானியத்தை அடியோட நிறுத்திட்டார். இப்ப சொல்லுங்க. எந்தப் புறா சீக்கிரம் கொத்தறதை விடும்?"

"ரெண்டாவது!" என்று வகுப்பே சேர்ந்து சொன்னது. எப்போதாவதுதானே கிடைத்தது, அதற்குச் சீக்கிரம் நம்பிக்கை போய்விடும் என்று ஒருத்தி விளக்கமும் சொன்னாள்.

நான் எழுந்து நின்றேன். வகுப்பில் நானாக எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"முதல் புறாதான் டீச்சர் சீக்கிரம் விட்டுடும். ரெண்டாவது விடாது."

"ஏன் எஸ்தர்?"

"அதுக்கு நின்னுபோச்சுன்னே தெரியாது டீச்சர்."

டீச்சர் சுண்ணாம்புக் கட்டியை மேசையில் வைத்தார். "எங்கேயாவது படிச்சியா?"

"இல்லை டீச்சர்."

உட்கார்ந்துவிட்டேன். என்னைவிட வயதில் சின்னவர்களான அந்தப் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் லாரி ஓட்டுகிறார் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பத்திரிகையில் இத்தனை வாரமாக எழுதுகிறேன், என் கல்யாணத்தைப் பற்றி எழுதவில்லையே என்று சில வாசகிகள் கேட்டிருக்கிறார்கள். புறாவில் ஆரம்பித்தால்தான் அதை என்னால் எழுத முடியும்.

மதகு வளைவு

எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். என் அப்பா காலத்தில்தான் வேதத்துக்கு வந்து கிறிஸ்தவர்கள் ஆனோம். அதனால் மிஷன் விடுதியில் தங்கி நான் பள்ளி இறுதி வரைக்கும் படித்துவிட்டேன். படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம் என்று அம்மா பயந்துகொண்டிருந்தபோது வந்தவர்தான் ஏசுபாதம்.

உத்திரமேரூரில் ஒரு நெல் மண்டிக்காரரின் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். சட்டையில் எப்போதும் டீசல் வாடையும் தவிட்டு வாடையும் கலந்திருக்கும். பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கல்யாணமான புதிதில், ஏரிக்கரைக்குக் கீழே இருந்த தெருவில் ஒரு கூரை வீடு பார்த்து வைத்தார். வீடு என்றால் ஓர் அறை, பின்னால் ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான்.

லாரி எங்கே போகும், எப்போது திரும்பும் என்பது அவர் கையில் இல்லை. செங்கல்பட்டுக்குப் போய்விட்டு மத்தியானமே வந்துவிடுவார். சென்னைக்குப் போனவரை அங்கிருந்து நெல்லூருக்கு அனுப்பிவிடுவார்கள். சில சமயம் மறுநாளே வருவார். சில சமயம் வாரம் ஓடிவிடும். ஒரு மழைக்காலத்தில் மாதம் முழுக்க வராமல் இருந்துவிட்டு, ஒரு விடியற்காலையில் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார்.

வருகிற நாளில் மட்டும் ஒன்று தவறாது. ஏரி மதகுக்கு அருகில் சாலை வளைகிற இடத்தில் ஹார்ன் அடிப்பார். ரப்பர் பந்தை அமுக்குகிற பழைய ஹார்ன். அந்தச் சத்தம் கேட்டதிலிருந்து அவர் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் நான் தலை சீவி, முகம் கழுவி, அடுப்பில் உலையும் வைத்துவிடுவேன்.

நாளாக ஆக, எந்த லாரி ஹார்ன் அடித்தாலும் என் கை தலைமுடிக்குப் போக ஆரம்பித்தது.

தினமும் ஒரு பிடி அரிசி கூடப் போட்டேன். கருவாட்டை வறுக்காமல் எடுத்து வைத்தேன். பழையசீவரத்தில் என் அக்கா இருந்தாள். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குளிக்கலாம், பிள்ளைகள் கேட்கிறார்கள், வா என்று சொல்லி அனுப்புவாள். போகமாட்டேன். நான் போகிற அன்றைக்கு அவர் வந்துவிட்டால்? ஏனாத்தூர் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் பாடம் நடத்த ஆள் தேடினார்கள். அதற்கும் அதே பதில்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை ரொம்ப நாள் கழித்து அவர் வந்தபோது நான் பச்சைச் சேலை கட்டியிருந்தேன். அதற்குப் பிறகு, நாட்கள் நீண்டுபோனால் பச்சைச் சேலையை எடுத்துக் கட்டுவேன். ஒருமுறை பலித்தது. பல முறை பலிக்கவில்லை. பலித்தது மட்டும்தான் மனதில் நின்றது. அந்தச் சேலை நைந்து, முழங்கால் பக்கம் கிழிந்த பிறகும் தைத்துத் தைத்துக் கட்டினேன்.

பட்டம்மாவின் சனிக்கிழமை

பக்கத்து வீட்டில் பட்டம்மா இருந்தாள். நடவுக்கும் களைக்கும் போகிறவள். இரண்டு பிள்ளைகள். அவள் புருஷன் சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். சனிக்கிழமை சாயங்காலப் பஸ்ஸில் வருவான், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவான். மழையானாலும் வெயிலானாலும் இதில் மாற்றம் கிடையாது.

அவன் போனதும் பட்டம்மா பாயை விரித்துப் படுத்துவிடுவாள். புதன்கிழமை வரைக்கும் தலை சீவமாட்டாள். வீட்டைக் கூட்டியது போலவும் இருக்கும், கூட்டாதது போலவும் இருக்கும். வெள்ளிக்கிழமை வந்தால் கொஞ்சம் சுறுசுறுப்பு. சனிக்கிழமை காலையில் பார்க்கவேண்டுமே! சாணி தெளித்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, மீன் வாங்கி, மிளகாய் அரைத்து, ஆள் பம்பரமாகச் சுற்றுவாள்.

"இன்னாம்மே எஸ்தரு, நீ தெனமும் வூட்ட மெயுவிக்கினே கீறியே, இடுப்பு நோவல?" என்று கேட்பாள்.

"அவுரு வந்துட்டா இன்னாக்கா பண்றது?"

"வர்றவன் ஒரு நாள் சொல்லிட்டு வரக்கூடாதா? பேஜாரு புடிச்ச பொழப்பும்மே உன்து."

ஒரு சனிக்கிழமை பட்டம்மாவின் புருஷன் வரவில்லை.

பஸ் வந்து போன பிறகும் அவள் சாலைக்கும் வீட்டுக்கும் நடந்தாள். கண்டக்டரைத் திட்டினாள், பிள்ளைகளை அடித்தாள், ஆக்கிய மீன் குழம்பைத் தெருவில் கொட்டினாள். அடுத்த சனிக்கிழமையும் அவன் வரவில்லை. அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து ஊரே கேட்க அழுதாள். திங்கட்கிழமை தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனாள். அங்கே அவன் வேறு ஒருத்தியோடு குடித்தனம் நடத்துவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

கொஞ்ச நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். பிறகு அவன் லுங்கியைக் கிழித்து அடுப்படித் துணியாக்கினாள். அதற்கு அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டூரிங் டாக்கீஸுக்குக் கிளம்பினாள்.

"நீயும் வாம்மே" என்று கூப்பிட்டாள்.

"இன்னிக்கு சனிக்கிழமை ஆச்சேக்கா" என்று என் வாயில் வந்துவிட்டது.

"எனுக்கு இனிமே சனிக்கெயமன்னா இன்னா, செவ்வாக்கெயமன்னா இன்னா? முடிஞ்சுபோச்சு. கெளம்பு கெளம்பு."

நான் போகவில்லை. அவர் வந்துவிட்டால்?

எது கடைசி நாள்?

என் விஷயத்தில் அப்படி ஒரு சனிக்கிழமை வரவே இல்லை.

அவர் கடைசியாக வந்துபோன நாள் எது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அன்றைக்கு அது கடைசி என்று தெரிந்திருந்தால் கவனித்திருப்பேன். சாப்பிட்டார், கை கழுவினார், கிளம்பினார். எல்லா நாளும் போல ஒரு நாள்.

ஒரு வாரம் ஆயிற்று. ஒரு வாரம் வராமல் இருந்தவர்தானே. ஒரு மாதம் ஆயிற்று. ஒரு மாதமும் பார்த்தாயிற்று. மூன்று மாதம் ஆனபோது, ஒரு மாதம் வராமல் இருந்து வந்தவர் மூன்று மாதம் கழித்து வரமாட்டாரா என்று தோன்றியது. தாமதம் எங்கே முடிகிறது, நின்றுபோனது எங்கே தொடங்குகிறது என்று கோடு போட என்னிடம் எதுவும் இல்லை.

மண்டிக்காரரின் ஆட்களைக் கேட்டால், அவர் அந்த வேலையை விட்டுவிட்டார், இப்போது நெல்லூர்ப் பக்கம் வேறு லாரி ஓட்டுகிறார் என்றார்கள். என் அக்கா வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, "அங்க ஒரு குடும்பம் கீதுன்னு பேசிக்கிறாங்கம்மா" என்றார். கேட்டுக்கொண்டேன். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அவர் போனதும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பிடி அரிசியைக் கூடப் போட்டேன்.

வருஷங்கள் போயின. ஏரி நிரம்பியது, வற்றியது, மறுபடி நிரம்பியது. அறுவடைக் காலத்தில் லாரிகள் வரிசையாக வரும். மதகு வளைவில் ஒவ்வொன்றும் ஹார்ன் அடிக்கும். ஒவ்வொன்றுக்கும் நான் எழுந்து நிற்பேன். எழுந்த பிறகுதான் அது அவருடைய ஹார்ன் இல்லை என்பது காதில் விழும். மிச்சமான சோற்றில் தண்ணீர் ஊற்றி மறுநாள் நானே சாப்பிடுவேன். அந்த வீட்டில் என் குரலை நானே கேட்காத நாட்கள் நிறைய.

என்னைக் கிளப்பியது பட்டம்மாதான். நான் படித்த மிஷன் பள்ளித் தலைமையாசிரியை, காஞ்சிபுரத்தில் பயிற்சிக்கு இடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் தயங்கினேன்.

"சாவிய எங்கைல குடு" என்றாள் பட்டம்மா. "உன் ஆளு வந்தா நான் சோறு போட்டு உக்கார வெக்கிறேன். ஆள் உட்டு உனுக்குச் சொல்லி அனுப்பறேன். போதுமா? ஒரு ஆளு பாக்கறதுக்கு ரெண்டு ஆளு இன்னாத்துக்கு?"

என் காத்திருப்பை அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். அதனால்தான் என்னால் பஸ் ஏற முடிந்தது.

குடைக்குள்

அந்த மழை நாளில் டீச்சர் இன்னும் கொஞ்சம் சொன்னார். குறித்த நேரத்துக்கு ஒருமுறை தானியம் கிடைக்கிற புறா, தின்று முடித்ததும் சும்மா இருக்குமாம். நேரம் நெருங்க நெருங்கத்தான் பரபரவென்று கொத்துமாம். எப்போது விழும் என்று தெரியாத புறாவுக்கு ஓய்வே கிடையாதாம். ஒரே சீராகக் கொத்திக்கொண்டே இருக்குமாம். சில புறாக்கள், தானியம் விழுந்த நேரத்தில் தற்செயலாக எந்தப் பக்கம் திரும்பியிருந்தனவோ அதே பக்கம் சும்மாச் சும்மாத் திரும்பிக்கொண்டிருந்தனவாம்.

மற்றவர்கள் குறிப்பு எழுதினார்கள். நான் எழுதவில்லை. பட்டம்மாவின் வெள்ளிக்கிழமை, என் பச்சைச் சேலை எல்லாம் கரும்பலகையில் சுண்ணாம்பால் எழுதப்பட்டிருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே ஒரு ஆறுதலும் இருந்தது. என்னைப் பைத்தியம் என்று நானே நினைத்திருந்தேன். இல்லை, கூண்டுக்குள் இருந்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் என்று யாரோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் குடையை விரித்தார். விடுதி வரைக்கும் வா என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். பாதி வழியில் கேட்டேன்.

"அந்தப் புறாவைப் பெட்டியை விட்டு வெளியே எடுத்துட்டா மறந்துடுமா டீச்சர்?"

"மறந்த மாதிரி இருக்கும். திரும்ப அதே பெட்டியில விட்டா மறுபடி கொத்துமாம். கொஞ்ச நாள்."

"அப்புறம்?"

"அப்புறம் குறையும்னு சொல்றாங்க. ஆனா நடுவுல ஒரு தானியம் விழுந்துட்டா போச்சு, பழையபடி ஆரம்பிச்சுடும்."

என் முகத்தைப் பார்த்தார். குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அவருடைய தோள் நனைந்தது.

வந்தார்

பயிற்சி முடிந்து உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்திலேயே எனக்கு வேலை கிடைத்தது. பழைய வீட்டுக்குத்தான் திரும்பினேன். பட்டம்மா சாவியைக் கொடுத்தாள். "ஒருத்தனும் வர்லம்மே" என்றாள்.

டீச்சர் சொன்னது போலவே நடந்தது. முதல் வாரம் ஒவ்வொரு ஹார்னுக்கும் கை தலைக்குப் போயிற்று. பிறகு சில ஹார்ன்களுக்கு மட்டும். பள்ளிக்கூடமும் பிள்ளைகளின் சத்தமும் பகலை எடுத்துக்கொண்டன. ஒரு பிடி அரிசி கூடப் போடுவதை எப்போது விட்டேன் என்பது எனக்கே தெரியாது.

ஒரு விடுமுறை நாள் முற்பகல். பின்பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் யாரோ கனைத்தார்கள். ஈரக்கையோடு வந்து பார்த்தேன். வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

ஹார்ன் இல்லை, லாரி இல்லை. செங்கல்பட்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். முடி நரைத்துவிட்டது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார்.

"எஸ்தருதான?" என்றார்.

"வாங்க" என்றேன்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். "கண்ணு செரியா தெர்ல. வண்டிய உட்டுட்டேன்" என்றார். நான் இருந்த சோற்றையும் கத்திரிக்காய்க் குழம்பையும் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே அவராகச் சொன்னார். "அங்க ஒருத்தி கீறா. ஒரு பொண்ணு கீது."

"தெரியும்."

"நீ வேலைக்குப் போறியாமே. கடைல சொன்னாங்க. சந்தோசம்." கை கழுவிக்கொண்டு, பழைய மாதிரியே சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் கழித்தும் அது அப்படித்தான் அடித்துக்கொண்டது. "நா அப்பப்போ வந்துட்டுப் போறேன், இன்னா?" என்றார்.

அப்பப்போ. அந்த வார்த்தைதான் என்னை உலுக்கியது.

"அப்பப்போ வேணாம்" என்றேன். "வர்றதா இருந்தா நாள் சொல்லுங்க."

"இன்னா நாளு?"

"எந்த நாளா இருந்தாலும் சரி. மாசத்துக்கு ஒண்ணோ, வருசத்துக்கு ஒண்ணோ. ஆனா சொல்லிட்டு வாங்க. சொன்ன நாள்ல வாங்க. சொல்லாம வராதீங்க."

"இன்னாம்மே, பள்ளிக்கூடத்து டைம் டேபிள் மாதிரி பேசற?"

"ஆமாங்க."

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தலையைச் சொறிந்துகொண்டார். "செரி. வர்ற ஞாயித்துக்கெயம மத்தியானம் வர்றேன். போதுமா?"

"போதும்."

ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்தேன். இரண்டு பேருக்கு உலை வைத்தேன். கருவாட்டுக் குழம்பு, முட்டை. அவருக்குப் பிடித்தவை. மறைக்க ஒன்றுமில்லை, பூவும் வைத்துக்கொண்டேன்.

உச்சிப் பொழுது சாய்ந்தது. மத்தியான பஸ் வந்து போயிற்று. அதற்கு அடுத்த பஸ்ஸும் போயிற்று. வெயில் வாசற்படியை விட்டு இறங்கித் தெருவுக்குப் போனது.

பட்டம்மா எட்டிப் பார்த்தாள். "வர்லியா?"

"வரலைக்கா."

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அழுவறியா?"

"இல்லக்கா. பசிக்குது."

அது பொய்யில்லை. உண்மையாகவே பசித்தது. அவருக்கு வைத்திருந்ததைப் பட்டம்மாவின் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு நானும் சாப்பிட்டேன். பட்டம்மாவுக்கு அன்று கிடைத்தது போல, எனக்கும் கடைசியில் ஒரு வராத நாள் கிடைத்திருந்தது. இந்த நாள் வரவில்லை என்று விரலால் தொட்டுக் காட்ட முடிகிற ஒரு நாள். அன்றைக்குச் சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது கொஞ்சம் அழுதேன்.

பிறகு ஒரு புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தபோது பட்டம்மா வந்தாள். நின்ற நிலையிலேயே சொன்னாள்.

"உன் ஆளு வந்தாம்மே. மத்தியானம். வூடு பூட்டிக் கீதேன்னான். அது ஸ்கூலுக்குப் போயிக்கீது, நீ ஞாயித்துக்கெயமதான வர்றேன்ன, இன்னிக்கு யாரு உன்ன வரச் சொன்னதுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் நின்னான். பூட்டான்."

நான் கீரையை உருவிக்கொண்டிருந்தேன். நெஞ்சு அடித்தது. அது அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பட்டம்மா அங்கேயே நின்றாள். மறுபடி எப்போது வருவதாகச் சொன்னார் என்று நான் கேட்பேன் என எதிர்பார்த்தாள். அவளிடம் பதிலும் இருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் கேட்கவில்லை. அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு கொத்துக் கீரையை எடுத்து உருவ ஆரம்பித்தாள்.